பல்லாரிக்கு

முதன்மைக் கிளையில் முந்நூற்றுப் பன்னிரண்டு மாற்றங்கள்.
பழைய கிளைக்கு அதில் ஐந்து போதும் என்றார்
சுகேஷ் ஹெக்டே, ஆறரை மணி கேபுக்கு ஓடிக்கொண்டே.
எந்த ஐந்து என்பதை மஞ்சள் தாளில் கிறுக்கி
என் மானிட்டரில் ஒட்டியிருந்தார்.
ஏழேழு எழுத்தில் எண்கள். கடைசியில் ஒன்று
ஆறா, 'பி'யா என்று தெரியவில்லை.

பழைய கிளை உயிரோடிருப்பது
ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக:
பல்லாரியில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம்.
புதிய பதிப்பு வேண்டாம்,
பொத்தான் இடம் மாறினால் காசாளர் அம்மாவுக்குக்
கை தடுமாறும் என்று
கன்னடத்தில் கடிதம் போட்டவர்கள்.
எங்கள் வீட்டில் பல்லாரி என்றால் வெங்காயம்.
இரண்டு வருடமாக அந்தச் சங்கம்
என் மனதில் ஒரு வெங்காய மண்டி.

பெல்லந்தூரில் மழை. வெளிவட்டச் சாலையில்
சிவப்பு விளக்குகள் நகராமல் நனைகின்றன.
ஆறாவது மாடியில் நான், ஏசியின் இரைச்சல்,
யாருடைய பிறந்தநாளிலோ மிஞ்சிய
கால்வாசி கேக்.
அதன் தலையில் ஒரு சிவப்பு உருண்டை.
செர்ரி என்கிறோம். அது களாக்காய்.
சாயத்திலும் பாகிலும் ஊறிக் கிடந்து
வேறு பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிய களாக்காய்.
நான் செய்யப்போகும் வேலைக்கும்
செர்ரி-பிக் என்றே பெயர்.

முதலாவது சத்தமில்லாமல் வந்தது.
இரண்டாவதும்.
அதே வரிகள், அதே கமா, எண் மட்டும் வேறு.
பெற்றோர் மாறினால் இங்கே எண் மாறிவிடும்.
எழுதியவர் மாறுவதில்லை.
எழுதியவர்: ஃபிர்தௌஸ் கனி, சென்ற ஆண்டு ஜூலை.
பதித்தவர்: நான், இன்று, எட்டு பத்து.
பிப்ரவரிப் பட்டியலில் பெயர் வந்து
பதினைந்து நாள் அவகாசத்தில் போனவர்.
போகும்போது நாற்காலியின் உயரத்தைக்கூட
முன்பிருந்தபடி இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது முரண்டு பிடித்தது.
ஏழு இடக்குறி, ஏழு சமக்குறி, ஏழு வலக்குறி;
நடுவே வட்டிக் கணக்கு
இரண்டு சாட்சி சொல்லும் இரண்டு கதையாக.
கிள்ளி எடுக்கலாமென்று போனால்
வேரும் மண்ணும் சேர்ந்து வருகிறது.
அது கூப்பிடும் ஃபங்ஷன் இந்தக் கிளையில் பிறக்கவேயில்லை.
அது பிறந்த இடம் மஞ்சள் தாளில் இல்லாத ஆறாவது.

சுகேஷுக்கு போன் போட்டேன். பின்னால் குழந்தை அழுகை.
"அஞ்சுதானே சொன்னேன்?"
"ஆறாவது இல்லாம அஞ்சு நிக்காது."
"பாத்துக்கோ."
பார்த்துக்கொண்டேன்.
பழைய கிளையின் பழைய பாஷையில்
கைப்பட நாலு வரி, என்னுடைய நாலு வரி.
பதித்த பிறகு பார்க்கிறேன்,
அவற்றுக்கும் எழுதியவர் ஃபிர்தௌஸ் என்றே விழுந்திருக்கிறது.
நாளை ஏதாவது உடைந்தால்
திட்டு அவரைத் தேடிப் போகும்.

நான்காவதைச் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாவது,
அரைப் பைசாவை மேலே தள்ளிவிடும் அந்த ஒற்றை வரி,
வர மறுத்தது. முரண் இல்லை, பிழை இல்லை.
வெற்று என்றது திரை.
பதிக்க எதுவுமில்லை என்றது.
ஆறைப் போட்டேனா, பியைப் போட்டேனா,
மஞ்சள் தாளைப் பிய்த்து விளக்கடியில் பிடித்தேன்.
சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

பழைய கிளையின் வரலாற்றை இறங்கிப் பார்த்தேன்.
பிப்ரவரி, அவருடைய கடைசி வேலைநாள்,
இரவு ஒன்பது நாற்பது.
டிக்கெட் எண் இல்லை, சரிபார்த்தவர் இல்லை,
யாரும் கேட்டிருக்கவும் இல்லை.
அதே வரியைக் கையால் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
குறிப்பு ஒரே சொல்,
ஆங்கில எழுத்தில், தமிழில்:
பல்லாரிக்கு.

குழுவில் அதைப் படிக்கத் தெரிந்தவள்
நான் ஒருத்திதான்.

தவிர் என்று தட்டினேன்.
சோதனைகள் ஓடி முடியப் பதினாலு நிமிடம்.
கேக்கிலிருந்து களாக்காயை மட்டும் எடுத்துத் தின்றேன்.
காலையில் பத்து மணிக்கு
அங்கே கவுண்டர் திறக்கும்.
அரைப் பைசா பற்றி யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை,
ஏழு மாதமாய்ச் சொல்லாததைப் போலவே.